மழுங்கிய எழுத்தாணி!

கூரியர் பையன் போனை நீட்டி, "இதுல ஒரு சைன் போடுங்க சார்!" என்கிறான். ஆள்காட்டி விரலால் கண்ணாடி மேல் ஒரு இழுப்பு இழுக்கிறீர்கள். வருஷக்கணக்காகச் செக்கிலும் லீவ் லெட்டரிலும் கம்பீரமாக உட்கார்ந்திருந்த உங்கள் கையெழுத்து, கோழி கிண்டின மாதிரி வந்து விழுகிறது. "சரியா வரலையேப்பா... அழிச்சிட்டுப் போடட்டுமா?" என்று நீங்கள் கேட்பதற்குள் பையன் ஒரு மாடி இறங்கியிருப்பான். கையெழுத்துக்குப் பதில் ஒரு தேள் படம் வரைந்திருந்தாலும் பார்சல் கிடைத்திருக்கும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு யோசனை வரும். சட்டைப் பையில்தான் பேனா இருக்கிறதே, மூடியைப் போட்டுக்கொண்டு அதால் எழுதினால் என்ன? எழுதிப் பாருங்கள். ம்ஹூம்! பேனா போன வழியே தெரியாது. பத்து விரலையும் ஒரே சமயத்தில் வைத்தாலும் பத்தையும் தனித்தனியாக அடையாளம் கண்டுகொள்ளும் மகா புத்திசாலித் திரை, பேனாவைப் பார்த்து 'யார் நீ?' என்றுகூடக் கேட்பதில்லை.

ஏன் இந்த ஓரவஞ்சனை? இதற்கு ஒரு நல்ல பேனாவை நாமே கண்டுபிடித்துவிட முடியாதா?

ஸ்டைலஸ் என்றதும் ஏதோ அமெரிக்கச் சரக்கு என்று மிரள வேண்டாம். தமிழில் அதன் பெயர் எழுத்தாணி. பனை ஓலையில் இரும்பு முனையால் கீறி, கீறலில் கரியைத் தடவி, எழுத்தைக் கறுப்பாக்கிப் படித்த பரம்பரை நாம். அந்த எழுத்தாணிக்குத் தேவையான முதல் தகுதி, கூர். அதிலும் ஒரு வம்பு உண்டு. அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். அதனால் பல ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது. அது 'க'வா, 'க்'கா என்பது படிக்கிறவர் தலையெழுத்து!

இன்றைய தொடுதிரையில் கதை தலைகீழ். கூரான முனையை வைத்தால் திரைக்குத் தெரிவதில்லை. மழுங்கலாக, மொழுக்கென்று எதையாவது வைத்தால்தான் தெரிகிறது. எழுத்தாணி சரித்திரத்திலேயே மழுங்கிய முனைக்கு மவுசு வந்தது இப்போதுதான்.

கயிற்றுக் கட்டில்

திரைக்குள் என்ன நடக்கிறது? ஒரு கயிற்றுக் கட்டிலைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக, கண்ணுக்குத் தெரியாத மின்கம்பிகள். நெடுக்குக் கம்பிகளில் ஒவ்வொன்றாக மின்துடிப்பை அனுப்புகிறார்கள். குறுக்குக் கம்பிகள் அதை ஒட்டுக் கேட்கின்றன. யாரும் தொடாதவரை எல்லா முடிச்சிலும் ஒரே அளவு சத்தம்.

விரலை வைத்தீர்களோ, போச்சு! மனித உடம்பு என்பது உப்புத் தண்ணீர் ரொப்பின தோல் பை. நன்றாக மின்சாரம் கடத்தும். விரலுக்குக் கீழே இருக்கிற முடிச்சுகளிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. எந்தெந்த முடிச்சில் சத்தம் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போட்டு, 'ஐயாவின் விரல் இங்கே இருக்கிறது' என்று உள்ளே இருக்கும் சில்லு முடிவு கட்டுகிறது.

கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி. விரல் நுனி அகலமாகப் படிவதால் ஒரே சமயத்தில் பல முடிச்சுகளைத் தொடும். 'இதில் பாதி குறைந்தது, அதில் கால் குறைந்தது' என்று ஒப்பிட்டுத்தான் நடுப்புள்ளியை ஒரு மில்லிமீட்டருக்கும் நுணுக்கமாகச் சொல்ல முடிகிறது. பேனாவின் ஊசிமுனை பட்டால்? கட்டிலில் குண்டு மாமா உட்கார்ந்தால் கயிறு அமுங்கும், கட்டிலுக்கே தெரியும். எறும்பு உட்கார்ந்தால்? அதேதான். போதாக்குறைக்கு பேனா பிளாஸ்டிக். உங்கள் உடம்புக்கும் முனைக்கும் மின்சார உறவே இல்லை.

பழைய பாம் பைலட் (1996) ஞாபகம் இருக்கிறவர்கள், "அதுல குச்சியால எழுதினோமே!" என்பீர்கள். உண்மைதான். அது வேறு ஜாதித் திரை. இரண்டு மெல்லிய படலங்கள், நடுவே இடைவெளி. அழுத்தினால் மேல்படலம் கீழ்ப்படலத்தில் ஒட்டும், அவ்வளவுதான். நகம், தீக்குச்சி, பல் குத்தும் குச்சி எதுவானாலும் சரி. பாம் பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், மெஷின் தயாராகும் முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சைனாக்காரர் சாப்பிடும் குச்சியைப் பேனாவாக வைத்துக்கொண்டு, மீட்டிங்குகளில் கட்டையின் மேல் குறிப்பெழுதுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். அந்தத் திரைகள் சாதாரணமாக ஒரே சமயத்தில் ஒரு தொடலைத்தான் புரிந்துகொள்ளும். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கும் வித்தையெல்லாம் நடக்காது.

பேனாவுக்குச் சமாதி கட்டினவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 2007 ஜனவரி 9-ம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் முதல் ஐபோனை மேடையில் காட்டினபோது, ஸ்டைலஸ் யாருக்கு வேண்டும், எடுப்பதும் வைப்பதும் தொலைப்பதுமாக ஒரே ரோதனை, பிறக்கும்போதே பத்து விரலோடு பிறந்திருக்கிறோமே என்கிற ரீதியில் கிண்டலடித்தார். சபை சிரித்தது. உலகமே பேனாவை மூடி வைத்துவிட்டு விரலுக்கு மாறியது.

மூன்றே வருஷம். 2010 குளிர்காலத்தில் தென்கொரியாவிலிருந்து ஒரு நியூஸ் வந்தது. கடுங்குளிரில் கையுறையைக் கழற்ற மனசில்லாத ஜனங்கள், பெட்டிக்கடையில் விற்கும் சின்ன சாஸேஜ்களை வாங்கி, அதால் ஐபோனைத் தடவிக்கொண்டிருந்தார்களாம். சிரிக்காதீர்கள். சாஸேஜ் உப்பும் தண்ணியுமாக, கிட்டத்தட்ட விரல் தடிமனில், மழுங்கின முனையோடு இருக்கும். திரையைப் பொறுத்தவரை முதல் தரமான எழுத்தாணி. அவசரத்துக்குச் சாப்பிட்டுக்கொள்ளவும் செய்யலாம்!

தாத்தாவின் விரல்

எங்கள் ஃபிளாட்டில் இரண்டாவது மாடியில் ஒரு பையன், எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். அவன் தாத்தா அம்பத்தூர் எஸ்டேட்டில் 34 வருஷம் லேத் ஓட்டி ரிட்டயர் ஆன டர்னர். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், தட்டினால் கொட்டாங்கச்சி மாதிரி சத்தம் வரும். மஸ்கட்டில் இருக்கும் மகள் ஒரு போன் வாங்கி அனுப்பினாள். தாத்தா தொட்டால் போன் கல்லுளிமங்கனாக இருக்கிறது. காய்ந்து தடித்த தோல் மின்சாரத்தை இழுப்பதில் மந்தம். உழைத்துக் காய்ந்த விரலுக்குத் திரையிடம் மரியாதை கம்மி.

"வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாமே ஐயா?" என்றேன்.

"அனுப்பினேன் தம்பி. அவ அதை ஆபீஸ்ல ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுட்டா. 'மாப்பிள்ளை குடிக்கறத நிறுத்திட்டாரா?'ன்னு நான் விசாரிச்சது அங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்சு போச்சு!"

ஆக, எழுத்துதான் வழி. சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கிற தமிழ் கீபோர்டில் 'ஞ' எங்கே என்று தேடுவதற்குள் மஸ்கட்டில் விடிந்துவிடும். ஆனால் கையால் வரைந்தால் தமிழ் எழுத்தாக மாற்றித்தரும் வசதி கூகுள் கீபோர்டிலேயே இருக்கிறது. வரையத்தான் விரல் வேண்டும். அந்த விரலைத்தான் போன் மதிக்கவில்லை. பேரன் களத்தில் இறங்கினான்.

முதல் மாடல்: காது குடையும் பஞ்சு பட்ஸ். அதைத் தண்ணீரில் நனைத்து, பழைய பால்பாயிண்ட் குழாயில் சொருகி, பஞ்சிலிருந்து பிடிக்கிற இடம் வரை அலுமினியம் ஃபாயில் சுற்றினான். (ஃபாயில் உபயம்: ஹோட்டல் பரோட்டா பார்சல்.) வேலை செய்தது! விரலிலிருந்து ஃபாயில், ஃபாயிலிலிருந்து ஈரப் பஞ்சு என்று உடம்பை முனைவரை நீட்டியாயிற்றே. ஆனால் ஐந்து நிமிஷத்தில் பஞ்சு காய்ந்துவிடும். தாத்தா அந்தக் கால பஸ் கண்டக்டர் மாதிரி, வாக்கியத்துக்கு ஒரு தரம் நாக்கில் தொட்டு எழுத ஆரம்பித்தார். வீட்டில் ஆட்சேபணை கிளம்பியதால் அந்த மாடல் வாபஸ்.

இரண்டாவது மாடல்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐ.சி. வாங்கினால் காலெல்லாம் வளையாமல் ஒரு கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தித் தருவார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் கரி கலந்திருக்கும், மின்சாரம் கடத்தும். அதை உருண்டையாக வெட்டி, ஒரு உலோகக் குழாயின் நுனியில் ஒட்டினான். தண்ணியே வேண்டாம். ஜோராக வேலை செய்தது. அமேசானில் ரப்பர் குமிழ் வைத்து விற்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் உருண்டை 7 மில்லிமீட்டர் தடிமன். எழுதுகிற இடத்தையே மறைத்துக்கொண்டது. தாத்தா 'ணை' எழுதினார். ஜிலேபி வந்தது.

"எழுதற எடத்தை மறைச்சுக்கிட்டு எழுதறது, கண்ணைக் கட்டிக்கிட்டு லேத்துல கை வெக்கற மாதிரிடா" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பையன் சோர்ந்து போனான். "முனை சின்னதா இருந்தா போனுக்குத் தெரியல. பெரிசா இருந்தா தாத்தாவுக்குத் தெரியல. என்ன அங்கிள் பண்றது?"

இந்தக் கேள்வியைத்தான் உலகத்தில் அத்தனை ஸ்டைலஸ் கம்பெனிகளும் கேட்டுக்கொண்டிருந்தன. தாத்தா ஒரு நிமிஷம் யோசித்தார்.

"போனுக்கு அகலமா ஏதோ படணும், அவ்வளவுதானே? எனக்கு நடுவுல தெரியணும். வாஷரைப் போடுறா!"

மூன்றாவது மாடல் அப்படித்தான் பிறந்தது. 8 மில்லிமீட்டர் பித்தளை வாஷர், நடுவில் ஓட்டை. பிடிக்க ஒரு பித்தளைக் கம்பி. இரண்டுக்கும் நடுவில் கழுத்தாக, ரீஃபில் பேனாவின் குட்டி ஸ்பிரிங். பேனாவை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் ஸ்பிரிங் வளைந்துகொடுத்து, வாஷர் கண்ணாடியில் தட்டையாக உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடி கீறாமலிருக்க அடியில் துளி செல்லோ டேப். (மெல்லிய டேப்பைத் தாண்டியும் திரை உணரும். ஸ்கிரீன் கார்டு ஒட்டின போன் வேலை செய்கிறதே!) வளையம் நாலா பக்கமும் சமமாகப் படுவதால், திரை கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் நடுப்புள்ளி சரியாக ஓட்டையில் வந்து விழுந்தது. கோடு ஓட்டை வழியே தெரிந்தது. மொத்தச் செலவு 11 ரூபாய்.

"பேட்டண்ட் எடுத்துடலாமா அங்கிள்?" என்றான் பையன்.

இங்கேதான் சரித்திரம் கொஞ்சம் கொடூரமானது. 2011-லேயே அடோனிட் என்ற கம்பெனி, கூர் முனையில் ஒரு ஒளி ஊடுருவும் வட்டத் தகட்டைச் சுழலும் மூட்டில் பொருத்தி, 'ஜாட்' என்று பெயர் வைத்து, கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் காசு திரட்டி விற்றுவிட்டது. அகலம் திரைக்கு, தெளிவு கண்ணுக்கு. யோசனை அதேதான். நாம் கண்டுபிடிக்கும் சமாசாரங்களில் முக்கால்வாசியை யாராவது ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் யாரும் சொல்லித்தராமல் அந்த இடத்துக்கே வந்து சேர்ந்த தாத்தாவுக்கு ஒரு ஓ!

பாதிப் பேனா கண்ணாடிக்குள்ளே

வெற்றி ஜுரத்தில் பையன் அதே பேனாவை காலேஜுக்கு எடுத்துப் போய், நண்பனின் டேப்லட்டில் நோட்ஸ் எழுதப் பார்த்தான். மூன்று இடத்தில் அடி வாங்கினான்.

முதல் அடி, உள்ளங்கை. எழுதும்போது கையை ஊன்றுவோம் இல்லையா? ஊன்றின இடமும் திரைக்குத் தொடல்தான். எது பேனா, எது கை என்று அதற்குத் தெரியாது. பக்கம் ஓடுகிறது, படம் பெரிசாகிறது, நோட்ஸ் நாசம். கையைத் தூக்கிக்கொண்டே எழுதினால் கால் மணியில் தோள்பட்டை கழன்றுவிடும்.

இரண்டாவது, அழுத்தம். பென்சிலை அழுத்தினால் கறுப்பு, வருடினால் சாம்பல். வாஷருக்கு அதெல்லாம் தெரியாது.

மூன்றாவது, தாமதம். பேனா நகர்ந்து, திரை உணர்ந்து, கணக்குப் போட்டு, கோடு தெரிவதற்குள் கொஞ்சம் நேரம் ஆகிவிடுகிறது. ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். அல்பம்தான். ஆனால் கை செகண்டுக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் போனால் கோடு 3 சென்டிமீட்டர் பின்னாடி ஓடி வரும். எழுதுகிற மாதிரி இருக்காது, நாய்க்குட்டியைச் சங்கிலி கட்டி இழுத்துப் போகிற மாதிரி இருக்கும். 2012-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்காரர்கள் இந்தத் தாமதத்தை 100 மில்லிசெகண்டிலிருந்து 1 மில்லிசெகண்ட் வரை படிப்படியாகக் குறைத்து வீடியோவில் காட்டினார்கள். கடைசிப் படியில் கோடு விரலோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

இந்த மூன்றையும் பேனாவைச் செதுக்கிச் செதுக்கி ஒழித்துவிட முடியாது. ஏனென்றால் மூன்றும் கண்ணாடிக்கு உள்ளே இருக்கின்றன. நல்ல பேனாவின் பாதி, திரைக்குள் இருக்கிறது!

இதை முதலிலேயே புரிந்துகொண்டவர்கள் ஜப்பானியர்கள். 1983-ல் தொடங்கின வாக்கம் கம்பெனி, பலகையையும் பேனாவையும் ஜோடியாகவே செய்தது. ஒரே ஸ்ருதியில் இரண்டு தம்புராவை வைத்து ஒன்றை மீட்டினால் தொடாத இன்னொன்றும் முனகும், தெரியுமல்லவா? அந்த டெக்னிக்தான். பலகை மின்காந்த அலையை அனுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதே ஸ்ருதியில் முனகிப் பதில் சொல்கிறது. பேனாவுக்கு பேட்டரியே வேண்டாம். முனையை அழுத்தினால் ஸ்ருதி லேசாகப் பிசகும், அதை வைத்து அழுத்தத்தை அளந்துவிடலாம். விரல் முனகாது. ஆகவே கை எது, பேனா எது என்ற குழப்பமில்லை. 2011-ல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் போனுக்குள் வைத்தது வாக்கமின் இந்த வித்தையைத்தான். விலைதான், அதற்காகவே திரைக்கு அடியில் இன்னொரு பலகை வைக்க வேண்டும்.

இன்னொரு வழி, பேனாவே குரல் கொடுப்பது. பேனாவுக்குள் பேட்டரி வைத்து, முனையிலிருந்து ஒரு சன்னமான மின் சமிக்ஞையை அனுப்பி, அதே கயிற்றுக் கட்டிலைக் கேட்க வைப்பது. ஆப்பிள் 2015 செப்டம்பரில் இப்படி ஒரு பேனாவை ஐபாட் ப்ரோவுக்காக அறிவித்தது. ஸ்டைலஸ் என்று சொல்ல வாய் வரவில்லையோ என்னவோ, 'பென்சில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 99 டாலர். பென்சில் வந்தால் திரை செகண்டுக்கு 240 தடவை காது கொடுக்கும், விரலுக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு. 2019-ல் தாமதத்தை 20 மில்லிசெகண்டிலிருந்து 9-க்குக் குறைத்தார்கள். நம் கணக்கில் 3 சென்டிமீட்டர் நாய்ச்சங்கிலி, 3 மில்லிமீட்டருக்கும் கீழே வந்தாயிற்று.

ஜாப்ஸைக் கிண்டல் பண்ண இது நல்ல சான்ஸ். ஆனால் நியாயமாகப் பார்த்தால் 2007-ல் அவர் சொன்னது போனை இயக்குவதற்குப் பேனாவைக் கட்டாயமாக்காதே என்பதுதான். படம் போடாதே, எழுதாதே என்று சொல்லவில்லை.

வருத்தமான கதை வேறு இடத்தில் இருக்கிறது. 2013-ல் ஃபிஃப்டி த்ரீ என்று ஒரு சின்னக் கம்பெனி, தச்சர் காதில் சொருகுகிற பட்டை பென்சில் வடிவத்தில், வால்நட் மரத்தில், அழகாக ஒரு ஐபாட் பேனா செய்தது. ப்ளூடூத் வழியாக, 'இப்போது தொடுவது பேனாதான்' என்று சாஃப்ட்வேருக்குச் சேதி சொல்லும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் கண்ணாடி அடுத்தவன் வீட்டுக் கண்ணாடி. வாசலில் நின்று கத்தலாம், உள்ளே போய் வயரிங்கை மாற்ற முடியாது. வீட்டுக்காரரே பென்சில் போட்டபோது வாடகைதாரர் நிலைமை என்ன ஆகும்? 2018-ல் அந்தக் கம்பெனியின் 'பேப்பர்' ஆப்பை வீடிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டது. மரப் பென்சில் மார்க்கெட்டிலிருந்து மறைந்தது.

நோக்கியா பின் காலம்

ஆகவே இன்றைக்கு சிறந்த ஸ்டைலஸ் என்பது கண்டுபிடிக்கப்படாத பொருள் அல்ல. கண்டுபிடித்து, ஒவ்வொரு கம்பெனியும் தன் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டி வைத்திருக்கும் பொருள். ஆப்பிள் பென்சில் சாம்சங்கில் எழுதாது. சாம்சங் பேனா ஐபாடில் எழுதாது. நோக்கியாவுக்கு தடித்த பின், ஒல்லிப் பின் என்று சார்ஜருக்கு வீடு வீடாக அலைந்தோமே, பேனா உலகம் இன்னும் அந்தக் காலத்தில் இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. 2015-ல் சில கம்பெனிகள் சேர்ந்து யு.எஸ்.ஐ. என்று ஒரு பொது ஏற்பாடு தொடங்கின. எந்தக் கம்பெனிப் பேனாவும் எந்தக் கம்பெனித் திரையோடும் ஒரே பாஷையில் பேச வேண்டும் என்பது கனவு. கூகுள் 2018-ல் சேர்ந்தது. குரோம்புக் லாப்டாப்களில் பல இந்தப் பாஷை பேசுகின்றன. பெரிய தலைகள் தங்கள் தனிப் பாஷையை விடவில்லை. சார்ஜர் விஷயத்தில் ஐரோப்பாக்காரர்கள் சட்டமே போட்டு, 2024 டிசம்பர் முதல் புது போன்களுக்கு ஒரே பின் என்று ஆக்கிக் காட்டினார்கள். பேனாவுக்கு அப்படி யாரும் மெனக்கெடவில்லை. சைன் போடுகிற குமாஸ்தாவும் படம் போடுகிற ஆர்ட்டிஸ்டும்தானே, பொறுத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு.

அவர்கள் மட்டும் இல்லை. கை விளங்காதவர்கள் ஒரு குச்சியை வாயில் கவ்விக்கொண்டு போனை இயக்குகிறார்கள். அந்தக் குச்சி வெறும் மரமாக இருந்தால் திரை மதிக்காது. முனை மின்சாரம் கடத்த வேண்டும், அந்தத் தொடர்பு உடம்புவரை வர வேண்டும். கை நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தறியில், உலையில், பட்டறையில் விரல் காய்த்தவர்கள் இருக்கிறார்கள். பாங்கும் ரேஷனும் ரயில் டிக்கெட்டும் கண்ணாடிக்குள் போய்விட்ட காலத்தில், மிருதுவான விரல் உள்ளவனுக்கு மட்டும் கதவு திறப்பது என்ன நியாயம்? அவர்களுக்கு 99 டாலர் பென்சில் உதவாது. எந்த போனிலும் வேலை செய்யும் மலிவுப் பேனாதான் உதவும்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் குமிழ், வட்டத் தகடு வைத்த சாதாப் பேனாக்கள் எந்த போனிலும் ஓடும். சைன் போட, கட்டம் தட்ட, நாலு வரி எழுத அது போதும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் தப்பு உங்கள் பேரில். அடுத்து, சார்ஜ் போடும் சன்ன முனைப் பேனாக்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட், சின்ன முனையை குண்டு விரல் மாதிரி நடிக்க வைக்கும். முனை நன்றாகத் தெரியும். எல்லா போனுக்கும் என்று விற்பதை வாங்கினால், கை ஊன்றும் வசதியோ அழுத்தமோ கேட்காதீர்கள். மூன்றாவது, திரையோடு ஜோடி சேர்ந்த பேனா. நோட்ஸ் எழுத, படம் போட இதுதான். வாங்கும் முன் பேனாவைப் பார்க்காதீர்கள், உங்கள் டேப்லட்டின் மாடல் நம்பரைப் பாருங்கள். அந்த நம்பர் பேனாவின் டப்பாவில் இல்லையென்றால், கடைக்காரர் எவ்வளவு சத்தியம் பண்ணினாலும் நடையைக் கட்டுங்கள்.

தாத்தாவின் வாஷர் பேனாவுக்கு இப்போது ஏக டிமாண்ட். அவருடைய பழைய லேத் சிநேகிதர்கள் நாலு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறார். பேட்டண்ட் பேச்சைப் பேரன் விட்டுவிட்டான். கண்ணாடி பக்கத்து பாதியைப் படிக்கிறேன் என்று லைப்ரரியே கதியாகக் கிடக்கிறான்.

மகளுக்கு தாத்தா எழுதின முதல் மெசேஜைக் காட்டினார். ஐந்தே வரி. அரை மணி ஆயிற்றாம். மாப்பிள்ளையைப் பற்றித்தான். என்ன எழுதினார் என்பது நமக்கெதற்கு? நான் பார்த்தது வேறு. மெய்யெழுத்துக்கெல்லாம் மறக்காமல் புள்ளி வைத்திருந்தார்.